பேட்டரியும் நிற்கணும், செய்தியும் ஓடி வரணும்: வயர்லெஸ் சென்சார் வலைகளின் இழுபறி

2020 ஆகஸ்ட் 6. மூணாறு பக்கம் ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் இரவு சுமார் பத்தே முக்கால் மணிக்கு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். அதில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். எங்கள் மேலநீலிதநல்லூருக்குத் தென்கிழக்கே இருக்கிற ஊர். நெல்லைச் சீமையின் கரிசல், செவல் காடுகளில் மழை பொய்த்த காலத்தில் மலையேறிப் போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன.

அன்று இரவு அங்கே கரண்ட் இல்லை. செல்போன் சிக்னல் இல்லை. நடந்தது என்னவென்று வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்தான்.

இதைப் படித்தபோது எனக்குள் இரண்டு கேள்விகள் வந்தன. சரியப்போகிற மலை முன்கூட்டியே ஏதாவது சொல்லுமா? சொன்னால், அதைக் கேட்டு உடனே கீழே கடத்த ஒரு கருவி வருஷக்கணக்கில் அந்த மழையிலும் குளிரிலும் உயிரோடு இருக்குமா? முதல் கேள்வி மண்ணியல்காரர்களுக்கு. இரண்டாவது எங்களை மாதிரி மின்னணு, மென்பொருள் ஆட்களுக்கு. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வயர்லெஸ் சென்சார் ரொம்ப நாள் உழைக்க வேண்டும் என்றால் அது தூங்க வேண்டும். செய்தி உடனே வர வேண்டும் என்றால் அது விழித்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் எப்படி?

பேட்டரி எங்கே போகிறது?

ஒரு சென்சார் கணு (ஆங்கிலத்தில் நோட் என்பார்கள்) என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. அளக்கிற சென்சார், சின்ன மைக்ரோகண்ட்ரோலர், ஒரு ரேடியோ, பேட்டரி. நூறு இடத்தில் நட்டு வைத்தால், ஒவ்வொன்றும் பக்கத்துக் கணுவிடம் செய்தியைக் கொடுக்க, அது அடுத்ததிடம் கொடுக்க, கடைசியில் நிலையத்துக்குப் போய்ச் சேரும். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவுவதை ஒரு 'தாவல்' என்று வைத்துக்கொள்வோம்.

பேட்டரியை அதிகம் தின்பது எது? பலரும் 'செய்தி அனுப்புவது' என்றுதான் நினைப்பார்கள். இந்தத் துறையில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த சிசி2420 என்ற ரேடியோ சில்லின் தகவல் தாளைப் பார்த்தால் வேறு கதை தெரியும். முழுச் சக்தியில் அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியர். கேட்டுக்கொண்டிருக்கும்போது 18.8 மில்லி ஆம்பியர். அதாவது, பேசுவதைவிடக் காது கொடுத்துக் காத்திருப்பதற்குத்தான் செலவு கூடுதல்!

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இத்தனை குறைந்த தூரத்துக்கு அனுப்புகிற அலையின் சக்தி வெறும் 1 மில்லிவாட். ஆனால் காற்றில் வருகிற நுண்ணிய சிக்னலைப் பெருக்கி, கலந்து, பிரித்துப் படிக்கிற சுற்றுகள் அத்தனையும் கேட்கும்போது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் பேசவில்லை என்றாலும் ஓட வேண்டும். யாராவது பேசுவார்களா என்பது அதற்கு முன்கூட்டித் தெரியாதே.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு நல்ல டபுள் ஏ பேட்டரியைத் தொடராகப் போட்டால் சுமார் 2500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். ரேடியோவை 18.8 மில்லி ஆம்பியரில் சும்மா கேட்க விட்டால் 133 மணி நேரம். ஐந்தரை நாள். அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை மலையேறி பேட்டரி மாற்ற யாராலும் முடியாது.

செய்தி அனுப்ப ஆகும் நேரமோ சொற்பம். இந்த ரேடியோவின் வேகம் நொடிக்கு 250 கிலோபிட். ஆகப் பெரிய பொட்டலம் 127 பைட். அனுப்பி முடிக்க 4 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பொட்டலம் என்றால், அந்த மணி நேரத்தில் 4 மில்லி நொடி வேலை. மிச்ச நேரமெல்லாம் வெட்டியாகக் காத்திருத்தல். ஆகவே மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இந்தக் காத்திருத்தல்தான்.

தூங்க வைத்தால் என்ன ஆகும்?

விடை எளிது. ரேடியோவை அணைத்துவிட்டு, நொடிக்கு ஒரு தடவை 10 மில்லி நொடி மட்டும் எழுப்பி, 'யாராவது கூப்பிடுகிறீர்களா?' என்று கேட்க வைப்பது. விழித்திருக்கும் பங்கு 1 சதவீதம். இதைத்தான் ட்யூட்டி சைக்கிள் என்கிறார்கள். சராசரி மின்னோட்டம் 0.188 மில்லி ஆம்பியராக இறங்கும். ஐந்தரை நாள் என்பது 550 நாளாக நீளும். நடைமுறையில் பேட்டரி தானாகக் கசிவது, தூக்கத்தில் சில் தின்னும் துளி மின்னோட்டம் எல்லாம் சேர்ந்து இதைக் குறைக்கும். ஆனாலும் வருஷக் கணக்குக்கு வந்துவிட்டோம்.

விலை என்ன? பக்கத்துக் கணு உங்களைக் கூப்பிடுகிறபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் எழுந்திருக்கும் வரை அது காத்திருக்க வேண்டும். சராசரியாக அரை நொடி, அதிர்ஷ்டம் இல்லை என்றால் முழு நொடி. ஒரு தாவலுக்கு இது பெரிதில்லை. பத்து தாவல் தள்ளி நிலையம் இருந்தால் சராசரி 5 நொடி, மோசமான நிலையில் 10 நொடி. பேட்டரி இன்னும் நீடிக்கட்டும் என்று 10 நொடிக்கு ஒருமுறை எழுப்பினால், பத்து தாவலுக்கு ஆகக்கூடியது 100 நொடி.

கிணற்று நீர்மட்டத்துக்கு 100 நொடி ஒன்றுமே இல்லை. மலைச்சரிவில் தூங்குகிற குடும்பத்துக்கு அது வீட்டை விட்டு வெளியே ஓடுகிற நேரம்.

ஆராய்ச்சியாளர்கள் போட்ட வழிகள்

2000-க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் இந்த ஒரு சிக்கலுக்கே ஏகப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. முக்கியமான நான்கை மட்டும் பார்ப்போம்.

முதலாவது எஸ்-மேக். 2002-இல் வெய் யே, ஜான் ஹைடமேன், டெபோரா எஸ்ட்ரின் ஆகியோர் முன்வைத்தது. பக்கத்துப் பக்கத்துக் கணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட மணி மாதிரி. எழுந்திருக்கும்போது எல்லோரும் இருப்பார்கள், பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சின்ன விழிப்பு நேரத்துக்குள் செய்தி ஒன்றிரண்டு தாவல்தான் போகும். அப்புறம் எல்லோரும் மறுபடி தூங்கப் போய்விடுவார்கள். செய்தி பாதி வழியில் அடுத்த மணிக்காக உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, 2004-இல் பெர்க்லியிலிருந்து வந்த பி-மேக். இதில் பொது மணி கிடையாது. அவரவர் இஷ்டத்துக்கு எழுந்து ஒரு நொடிப்பொழுது காது கொடுத்துவிட்டுத் தூங்கலாம். அனுப்புகிறவர்தான் பாடுபட வேண்டும்: எதிராளி எப்போது எழுந்தாலும் காதில் விழும்படி, ஒரு முழு விழிப்பு இடைவெளி அளவுக்குத் தொடர்ந்து 'ஏய், ஏய், ஏய்' என்று கூவிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு செய்தியைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது எக்ஸ்-மேக், 2006. பி-மேக்கின் கூவலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் 'இன்னாருக்கு' என்று பெயரையும் சேர்த்தார்கள். பெயருக்குரியவர் எழுந்தவுடன் நடுவிலேயே 'ஆமா, சொல்லு' என்று பதில் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் 'நமக்கில்லை' என்று உடனே தூங்கப் போகலாம். காத்திருப்பு பாதியாகிறது, மின்சாரமும் மிச்சம்.

நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டி-மேக். 2004-இல் காங் லூ, பாஸ்கர் கிருஷ்ணமாச்சாரி, ராகவேந்திரா ஆகியோர் எழுதியது. காங்கிரீட் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் நாள் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. முன்னால் இருப்பவர் சட்டியைத் திருப்புகிற அந்த நேரத்தில் பின்னவர் கை சரியாக நீளும். டி-மேக்கும் அதேதான். நிலையத்திலிருந்து தூரத்தில் உள்ள கணு முதலில் எழும், அடுத்தது 10 மில்லி நொடி தள்ளி எழும், அதற்கடுத்தது இன்னும் 10 மில்லி நொடி தள்ளி. செய்தி ஒருமுறை கிளம்பிவிட்டால் பத்து தாவலையும் நூறு மில்லி நொடியில் தாண்டிவிடும். முதல் காத்திருப்பு மட்டும்தான் மிச்சம். தூக்கம் அதே தூக்கம்தான். நேரம் மட்டும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இதுவும் சும்மா கிடைப்பதில்லை. எல்லாக் கணுக்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். மலிவான படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் 40 பங்கு தவறும் என்றால், ஒரு நாளில் மூன்றரை நொடி தப்பும். 10 மில்லி நொடிக் கச்சிதம் வேண்டுமானால் சில நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைச் சரிபார்க்கிற செய்தி போய்க்கொண்டே இருக்க வேண்டும். வெயிலிலும் பனியிலும் படிகத்தின் வேகம் மாறும் என்பது இன்னொரு தலைவலி. வரிசை ஒரு பக்கமாக மட்டும் அடுக்கப்பட்டிருப்பதால், நிலையத்திலிருந்து கணுவுக்குத் திரும்பப் போகிற கட்டளை மெதுவாகத்தான் போகும்.

அபூர்வச் செய்தியின் சங்கடம்

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்த்தேன். பி-மேக் மாதிரி முறையில் ஒரு கணுவுக்கு இரண்டு செலவு. ஒன்று, அடிக்கடி எழுந்து காது கொடுப்பது. இது விழிப்பு இடைவெளி நீள நீளக் குறையும். இன்னொன்று, செய்தி அனுப்பும்போதெல்லாம் ஓர் இடைவெளி நேரம் கூவுவது. இது இடைவெளி நீள நீளக் கூடும். இரண்டும் சமமாகிற இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு.

காது கொடுப்பது 10 மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு செய்தி போனால், சிக்கனமான இடைவெளி முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேலே. பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் இரண்டரை நொடி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி என்றால்? கணக்குப்படி 29 நொடி. பத்து தாவலுக்கு, ஒவ்வொன்றிலும் முழு இடைவெளியும் கூவ வேண்டும் என்பதால், கிட்டத்தட்ட ஐந்து நிமிடம்!

கவனித்தீர்களா? செய்தி எவ்வளவு அபூர்வமோ, சிக்கனக் கணக்கு அதை அவ்வளவு தாமதப்படுத்துகிறது. ஆனால் ஆபத்துச் செய்தி என்பதே அபூர்வமான செய்திதான். வருஷத்தில் 364 நாள் எதுவும் நடக்காது. அந்த 364 நாளை வைத்துச் சிக்கனம் பார்த்து அமைத்த வலை, மிச்சமுள்ள ஒரு நாளில் காலை வாரும். சராசரியைக் காட்டி 'எங்கள் வலை சிறப்பாக வேலை செய்கிறது' என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, அந்த ஒரு நாளில் ஆகக்கூடிய தாமதம் எவ்வளவு என்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. இடைவெளியை நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் மிச்சம் ஒன்றுமே இருக்காது. பேட்டரி தானாகக் கசிகிற அளவுக்கு ரேடியோவின் செலவு இறங்கிவிட்ட பிறகு, மேற்கொண்டு தூங்க வைப்பதில் லாபம் இல்லை, தாமதம் மட்டும் ஏறும். அந்தக் கட்டத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மூணாறில் நட்ட குழாய்கள்

பெட்டிமுடிக்கு முன்பே மூணாறில் ஒரு முயற்சி நடந்தது. 2005 ஜூலையில் நிலச்சரிவைக் கண்ட அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா விநோதினி ரமேஷ் தலைமையிலான குழு 2008-இல் வெள்ளோட்டம் பார்த்து, 2009-இல் பெரிய அளவில் ஒரு சென்சார் வலையை நட்டது. நிலச்சரிவைக் கவனிக்க இந்தியாவில் நடந்த முன்னோடி வேலை இது.

சரிவில் ஆழத் துளையிட்டுக் குழாய்களை இறக்கி, அதற்குள் வெவ்வேறு ஆழத்தில் சென்சார்களை வைத்தார்கள். மண்துளை நீரழுத்தத்தை அளக்கும் கருவி, மண் ஈரம், சாய்வுமானி, குழாய் வளைவதைக் காட்டும் திரிபுமானி, அதிர்வைக் கேட்கும் ஜியோஃபோன், மழைமானி என்று. மண்ணுக்குள் ரேடியோ அலை சரியாகப் போகாது என்பதால் சென்சாரிலிருந்து கம்பியை மேலே கொண்டுவந்து, தரைக்கு மேல் ரேடியோவை வைத்தார்கள். கணுக்கள் மைக்கா இசட் வகை. மேலே சொன்ன அதே சிசி2420 ரேடியோதான். அங்கிருந்து வைஃபை வழியாகப் பக்கத்தில் உள்ள கள நிலையத்துக்கு, அங்கிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி கொல்லம் பக்கம் இருக்கிற அமிர்தபுரி வளாகத்துக்கு. 2009 மழைக்காலத்தில் இந்த வலையின் அளவீடுகளை வைத்து எச்சரிக்கையும் கொடுத்தார்கள்.

நம் இழுபறிக்கு இவர்கள் கண்ட விடை, மலையின் வேகத்துக்கு ஏற்ப விழிப்பது. மழையால் வரும் நிலச்சரிவு ஒரே நொடியில் பிறப்பதில்லை. மழை பெய்து மண்ணில் இறங்கி, மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரழுத்தம் மணிக்கணக்கில் ஏறுகிறது. அது ஏற ஏற மண்ணின் பிடிமானம் குறைகிறது. கடைசியில்தான் குழாய் வளைவதும் சாய்வதும் அதிர்வதும். ஆகவே வெயில் காலத்தில் அளவீடு எப்போதாவது போதும். மழை ஒரு வரம்பைத் தாண்டினால் அளவீட்டை அடிக்கடி எடுக்க வேண்டும். நீரழுத்தம் அடுத்த வரம்பைத் தாண்டினால் இன்னும் அடிக்கடி. எச்சரிக்கையும் அதே மாதிரி படிப்படியாக: முதல் எச்சரிக்கை, இடைநிலை, உடனடி ஆபத்து என்று மூன்று படிகள்.

இதன் அழகு என்னவென்றால், மெதுவாக மாறுகிற அளவு (மழை, நீரழுத்தம்) வேகமாக மாறப்போகிற அளவுக்கு (அசைவு) முன்னோடியாக இருக்கிறது. மெதுவானதை மலிவாகக் கவனித்துக்கொண்டிருந்தாலே, வேகமானதைக் கவனிக்க எப்போது முழித்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பேட்டரியை எந்த நாளில் செலவழிப்பது என்று மழையே சொல்லிவிடுகிறது.

ஒரு முரண் மட்டும் இருக்கிறது. மலையில் சோலார் பலகை வைத்தால், ரேடியோ அதிகம் உழைக்க வேண்டிய அதே ஜூலை, ஆகஸ்டில்தான் பல நாட்கள் வெயிலே எட்டிப் பார்க்காது. ஆகவே பேட்டரியின் அளவை ஆண்டுச் சராசரியை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. தொடர்ந்து வெயில் இல்லாத மழை நாட்களை, அதுவும் கணு அடிக்கடி விழிக்கிற கதியில், கணக்கில் எடுக்க வேண்டும்.

கடலுக்கு அடியிலும் இதே கதைதான்

2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் நிலநடுக்கம். அலை நம் கரையைத் தொட சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. நேரம் இருந்தது, செய்திதான் இல்லை. அதன் பிறகு 2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. ஆழ்கடல் மிதவைகளை நம் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் பார்த்துக்கொள்கிறது.

இந்த மிதவை முறைக்கு முன்மாதிரி அமெரிக்காவின் டார்ட். கடல் தரையில் ஓர் அழுத்தமானி இருக்கும். அது 15 நொடிக்கு ஒருமுறை நீரழுத்தத்தை அளக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் மேலே அனுப்பினால் பேட்டரி தாங்காது. அதனால் சாதாரண நாட்களில் 15 நிமிட இடைவெளி அளவுகளைச் சேர்த்து வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலி மோடம் வழியாக மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும்.

ஆறு மணி நேரம்! 4000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆறு மணி நேரத்தில் வங்கக் கடலையே தாண்டிவிடும். அப்படியானால் இந்த ஏற்பாடு எதற்கு?

சூட்சுமம் இங்கேதான். அந்த அழுத்தமானி ஒவ்வொரு முறை அளக்கும்போதும், முந்தைய சில மணி நேர அளவுகளை வைத்து 'இப்போது இவ்வளவு இருக்க வேண்டும்' என்று தானே ஒரு கணிப்புப் போடும். கணிப்புக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 3 சென்டிமீட்டர் நீர் உயரத்தைத் தாண்டினால் உடனே ஆபத்து நிலைக்கு மாறி, 15 நொடி அளவுகளை அப்படியே அனுப்பத் தொடங்கும். பிறகு நிமிடச் சராசரி. அலை அடங்கினால் மறுபடி பழைய தூக்கம்.

அளப்பதும் கணக்குப் போடுவதும் மலிவு, பேசுவதுதான் செலவு. எனவே இடைவிடாமல் அள, அங்கேயே யோசி, அவசியம் என்றால் மட்டும் பேசு. கிணற்றுக்கும் மலைக்கும் கடலுக்கும் பொருந்துகிற சூத்திரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் கிணற்றுக்கு வருவோம்

எங்கள் பக்கம் தோட்டக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் புகைந்துவிடும். கிணற்று நீர்மட்டத்தை அளந்து மோட்டாரை நிறுத்த லோரா ரேடியோவில் ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "தண்ணி கீழ போயிட்டுன்னா மோட்டார் உடனே நிக்கணும்லா. உன் டப்பா எப்பம் முழிக்கும்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

இந்தத் துறையின் மொத்தப் பிரச்சினையையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்!

விடை, இரண்டு முனைகளும் ஒரே மாதிரி இல்லை என்பதில் இருக்கிறது. கிணற்றுக்குள் தொங்குகிற சென்சாருக்கு பேட்டரிதான். ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கம் இருக்கிற ரேடியோவுக்கு கரண்ட் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது என்றாலே கரண்ட் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆகவே ஸ்டார்ட்டர் பக்கத்து ரேடியோ எப்போதும் விழித்துக் காது கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். கிணற்றுச் சென்சார் தூங்கட்டும். அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அளந்து பார்த்து, மட்டம் ஆபத்துக்கோட்டை நெருங்கினால் மட்டும் ரேடியோவை எழுப்பிச் சொல்லும். கேட்பவர் விழித்தே இருப்பதால் சொன்ன கணமே செய்தி சேரும். காத்திருப்பு கிடையாது, கூவல் கிடையாது.

லோராவான் முறையில் இந்த வேறுபாட்டுக்குப் பெயரே இருக்கிறது. ஏ வகைக் கருவி தான் பேசி முடித்த ஒரு நொடி, இரண்டு நொடி கழித்துச் சிறிது நேரம் மட்டும் காது கொடுக்கும். மற்ற நேரம் தூக்கம். சி வகைக் கருவி தான் பேசாத நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில், குறித்த நேரங்களில் எழுகிற பி வகை. எது எங்கே என்பதைத் தீர்மானிப்பது கரண்ட் எங்கே இருக்கிறது என்பதுதான்.

இதில் ரேடியோ எட்டும் தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. லோராவில் பரவல் காரணியை 7-லிருந்து 12-க்கு ஏற்றினால் செய்தி வெகுதூரம் போகும். ஆனால் 20 பைட் அளவுள்ள செய்தி காற்றில் இருக்கும் நேரம் 50, 60 மில்லி நொடியிலிருந்து ஒரு நொடிக்கு மேல் போய்விடும். பேட்டரியும் தாமதமும் இரண்டுமே சேர்ந்து அடி வாங்கும். தூரத்தைச் சென்சாரிடம் கேட்பதைவிட, ஆன்டெனாவை உயர்த்திக் கட்டுவது மேல்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிணறும் ஸ்டார்ட்டரும் இருபது அடி தூரத்தில் இருந்தால் வயர்லெஸ்ஸே வேண்டாம். ஒரு மிதவைச் சுவிட்சும் நல்ல கேபிளும் போதும். பேட்டரியும் வேண்டாம், தாமதமும் இல்லை.

கடைசித் தாவல்

இதுவரை சொன்னதைத் தொகுத்துக்கொண்டால், முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு வேகம் வேண்டும்?' என்பதல்ல, 'எந்தச் செய்திக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?' என்பது. தினசரி அளவீடு ஆமையாகப் போகலாம், ஆபத்து அறிவிப்பு முயலாகப் போக வேண்டும். இரண்டையும் ஒரே பாதையில் ஒரே கதியில் விடுவதுதான் பெரும்பாலான வலைகளின் கோளாறு. அதோடு, கரண்ட் இருக்கிற இடத்தில் விழிப்பைக் குவித்து, பேட்டரி இருக்கிற இடத்தில் தூக்கத்தை விட வேண்டும். தாமதத்தைச் சராசரியில் பார்க்காமல், மிக மோசமான நாளில் பார்க்க வேண்டும்.

ஆனால் ரேடியோவில் நாம் நொடிகளைத்தான் மிச்சம் பிடிக்கிறோம். பெட்டிமுடியில் தொலைந்தது இரவு முழுக்க. மலையில் பிறந்த செய்தி 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு கணினிக்குப் போய், அங்கே ஒருவர் பார்த்து, அதிகாரிக்குச் சொல்லி, அவர் திரும்ப மலைக்குச் சொல்ல வேண்டும் என்றால், நாம் அடுக்கி அடுக்கிச் சேமித்த மில்லி நொடிகளுக்கு என்ன மதிப்பு? அதுவும் கரண்டும் டவரும் போன இரவில்? அந்தோணியார் காலனியில் நட்ட குழாய்கள் அந்தச் சரிவை மட்டும்தான் பார்க்கும். பக்கத்து மலைக்கு அவை பேசாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மண் இறங்கியபோதும் ஊர் தூக்கத்தில்தான் இருந்தது.

எனக்குச் சரி என்று படுவது இது. ஆராய்ச்சிக்கான தகவல் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். ஆனால் கடைசிப்படி எச்சரிக்கைக்கு மட்டும் மலையிலேயே ஒரு குறுக்குப் பாதை இருக்க வேண்டும். கணு, அங்கிருந்து ஓரிரு தாவலில் லயத்து வாசலில் ஒரு சைரன். இணையம் வேண்டாம், டவர் வேண்டாம். சைரனுக்குப் பெரிய பேட்டரி வைத்து, மழைக்காலத்தில் அதன் ரேடியோவை முழு நேரமும் விழிக்க விடலாம். அது வீட்டுப் பக்கம் இருப்பதால் பேட்டரி மாற்ற யாரும் மலையேற வேண்டியதில்லை.

இதற்கும் ஓர் ஆபத்து உண்டு: பொய்யாக அலறுவது. இரண்டு ராத்திரி சும்மா கத்தினால் மூன்றாம் ராத்திரி யாரும் போர்வையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஒரே சென்சாரை நம்பாமல், நீரழுத்தமும் அசைவும் சேர்ந்து சொன்னால் மட்டும் அலற வேண்டும். பக்கத்துக் கணுவையும் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. அப்படிக் கேட்பதற்குச் சில நொடி தாமதம் ஆகும். அந்தத் தாமதத்தை நான் மனமுவந்து கொடுப்பேன். மனிதர்கள் நம்பி எழுந்து ஓடுகிற எச்சரிக்கைதானே எச்சரிக்கை?

விழிப்பு ரேடியோ என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோவாட் கணக்கில் மட்டும் தின்று, எப்போதும் காது கொடுத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பெரிய ரேடியோவை எழுப்பிவிடுகிற சின்ன ரேடியோ. இந்த இழுபறியின் அடிப்படையையே அது மாற்றக்கூடும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. அதைப் பற்றி அடுத்த குறிப்பில் எழுதுகிறேன். தோட்டத்திலோ மலையிலோ இப்படி ஏதாவது நட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், உங்கள் பேட்டரி எத்தனை நாள் நின்றது, எந்த மாதத்தில் செத்தது என்று எழுதுங்கள். தகவல் தாளில் கிடைக்காத விவரம் அது.